மூன்று தண்ணீர்

நாற்பது மூட்டை மரப்பட்டை. ஒவ்வொரு மூட்டையும் ஓர் ஆள் கனம். அத்தனையையும் முதுகில் ஏற்றி, மூன்று மாடிப் படி ஏறி இறக்கிவைத்த சுமைகூலிக்காரருக்கு, எட்டு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் ஒரு கரண்டி அளவுக்கு மஞ்சள் பாகு கிடந்தது.

"நீங்க தூக்கின நாப்பது மூட்டையும் இதுக்குள்ளதான் இருக்கு," என்றார்.

சுமைகூலிக்காரர் குனிந்து ஒரு பக்கம் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார்.

"அப்ப மீதி முப்பத்தொம்பதே முக்கா மூட்டையை நான் எதுக்கும்மா தூக்கினேன்?"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்குங்க. அதான் தொந்தரவே."

"அப்ப நாளையிலேருந்து மூட்டை வேண்டாம். கண்ணாடி கழுவ வாங்க."

அப்படித்தான் அந்த வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் ஆயிற்று.

கண்ணாடி கழுவுவது என்றால் வீட்டில் சட்டி கழுவுவதுபோல என்று நினைத்துத்தான் வந்தார். முதல் நாளே டாக்டரம்மா பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். முதலில் சோப்பு. அதற்கும் போகாத கறைக்கு ஆசிட். பிறகு ஏழு முறை குழாய்த் தண்ணீர். கடைசியாக இரண்டு முறை, காய்ச்சி வடித்த தண்ணீர். அப்புறம் துணி படாமல் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும்.

"ஏழு தடவை எதுக்கும்மா? மூணாவது தண்ணிக்கே பளிச்சுனு ஆயிடுதே."

"நம்ம கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கு. கண்ணாடிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. நேத்து உள்ள இருந்ததை லேசுல மறக்காது. நாமதான் மறக்க வைக்கணும்."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு குடுவைக்கும் வாய்விட்டு எண்ணிக் கழுவுவார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பக்கத்து அறையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து இம்மி இம்மியாக நிறுக்கிற உதவியாளர் இந்த எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு அவருக்கு 'ஏழுதண்ணி' என்று பேர் வைத்தார். அந்த உதவியாளருக்கே எல்லாரும் வைத்திருந்த பேர் தராசு. மீசையைக்கூட இரண்டு பக்கமும் ஒரே எடைக்குக் கத்தரித்திருப்பார்.

வீட்டில் போய்ச் சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வேற பேரே கிடைக்கலையா? கேக்கிறவங்க, தினம் ஏழு தண்ணி அடிக்கிற ஆளுன்னு நினைப்பாங்க."

எழுத்தும் அங்கேதான் வந்தது, நாற்பத்தாறு வயசில். புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, தராசைக் கேட்டுக் கேட்டு. யாருடைய துணையும் இல்லாமல் அவர் தானாகவே படித்த முதல் சொல் 'விஷம்'. அன்றைக்கு வீட்டுக்கு ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இத்தனை வருஷம் படிக்காம இருந்து, படிச்ச முதல் வார்த்தை அதுவா?" என்றாள் மனைவி. "விளங்கிடும்." ஆனால் அன்று அவள் அவருக்கு முன்னால் மஞ்சள் டப்பா, துணிப் பை, பழைய செய்தித்தாள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்தாக முக்கிப் படிக்க, அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுத்தைப் பற்றி அவருக்கு அப்போது ஒரு எண்ணம் இருந்தது. வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுதியது நிற்கும், நிற்பது பொய்யாக இருக்க முடியாது. 'விஷம்' என்று எழுதிய புட்டியில் விஷம்தானே இருந்தது!

இனி அந்தப் பாகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மரத்தின் பட்டையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் காய்ச்சல் இறங்கும் என்பது வெகு காலமாக எல்லாருக்கும் தெரிந்ததுதான். பட்டைக்குள் இருக்கிற எது இறக்குகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைப் பிடிக்கத்தான் டாக்டரம்மா பட்டையை இடித்து, ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்துக் கடைசியில் அந்தப் பாகில் வந்து நின்றார். அங்கேயே நின்றுபோனார், ஏழுதண்ணி வருவதற்கு முன்பிருந்தே. பதினோரு வருஷம்.

"பாகா இருக்கிற வரைக்கும் அது யாருன்னு தெரியாது," என்பார். "சந்தைக் கூட்டம் மாதிரி. எல்லாம் முண்டிக்கிட்டு நிக்கும். படிகமா ஆச்சுன்னா, ஒவ்வொண்ணும் அதது இடத்துல வரிசையா உக்காரும். அப்பத்தான் முகம் பார்க்க முடியும்."

அதைப் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குச்சியால் குடுவைச் சுவரைக் கீறிப் பார்த்தார். ஒரு வருஷம் தொடாமலேயே விட்டுப் பார்த்தார். பாகு பாகாகவே இருந்தது. கணவர் இறந்த வாரத்தில்கூட ஒரு நாள் வந்து, குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் ஏழுதண்ணிதான் முதலில் வந்து கதவைத் திறந்தார். அலமாரியில் ஆறு குடுவைகள் வரிசையாக இருந்தன. நான்காவதில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிட்டே போனார். பாகு இருந்த இடத்தில் ஊசிகள். தலைமுடியைவிட மெல்லிய, பளபளக்கும் ஊசிகள், ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் விரிந்து நின்றன. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் குடுவைக்குள் யாரோ விளக்கு ஏற்றினதுபோல இருந்தது.

அவர் பயந்துபோய்ப் படிக்கட்டில் நின்று கத்தினார்: "அம்மா! நாலாம் நம்பர்ல பூஞ்சை பிடிச்சிருச்சும்மா! கழுவிடட்டுமா?"

அறுபது வயசு டாக்டரம்மா அவ்வளவு வேகமாகப் படி ஏறி அவர் பார்த்ததில்லை. குடுவையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஆளைப் பார்க்காமல், குடுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இயற்கைக்குக் காது கேக்கும். ஆனா நம்ம பாஷை தெரியாது. நாம எதையாவது செய்து காட்டித்தான் கேக்கணும். பதினோரு வருஷமா நான் ஏதோ உளறிக்கிட்டு இருந்திருக்கேன். நேத்து ஏதோ ஒண்ணைச் சரியாக் கேட்டிருக்கேன். என்ன கேட்டேன்னுதான் தெரியல."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அன்று மதியமே பெரிய பதிவேட்டை விரித்தார். முந்தின நாள் அந்தக் குடுவையைத் தொட்ட எல்லாரும், என்ன செய்தோம் என்று தங்கள் கையாலேயே எழுத வேண்டும். தராசு ஒரு பக்கம் எழுதினார். டாக்டரம்மா மூன்று பக்கம் எழுதினார். பிறகு பேனாவை ஏழுதண்ணியிடம் நீட்டினார்.

"நானுமாம்மா?"

"நீங்க இல்லாமலா? குடுவையை முதல்ல தொட்டது நீங்கதானே."

அவர் வாழ்க்கையில் ஒரு புத்தகத்தில் எழுதிய முதல் வரி அது. நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனா அழுந்த எழுதினார்: *நான்காம் குடுவை. ஏழு தண்ணீர். வடிநீர் இரண்டு.*

அந்த வரி பொய்.

நடந்தது இதுதான். முந்தின நாள் அவர் முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் குனிய முடியாது, குனிந்தால் நிமிர முடியாது. நான்காம் குடுவையின் அடியில் ஏதோ கருகி ஒட்டியிருந்தது, சோப்புக்கு அசையவில்லை. ஆசிட் புட்டி காலி. புதுப் புட்டி எடுக்கக் கீழே போய் மூன்று மாடி ஏற வேண்டும். பின்கட்டில், தண்ணீர் காய்ச்சி வடிக்கிற அடுப்பு மாடியிலேயே இருந்தது. அதன் வாயில் சாம்பல் குவிந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளி, ஈரத் துணியில் தொட்டு, வீட்டுச் சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். கருகல் வந்துவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அலசினார். நாலாவதற்குக் குனிந்தபோது முதுகில் கத்தி இறங்கியதுபோல இருந்தது. அப்படியே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். வடிநீர்கூட விடவில்லை.

ஏழுதண்ணி மூன்று தண்ணீரில் முடித்தார் என்று எழுதக் கை வரவில்லை. அதுவும் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து அப்படி ஒரு முகத்தோடு இருந்த நாளில். நல்ல வேளை, நாம் செய்த தப்பையும் மீறிப் படிகம் வந்துவிட்டது, கடவுள் காப்பாற்றினார் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா கட்டுரை எழுதி அனுப்பினார். அச்சில் வந்தது. அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் படிகம் வரவில்லை.

ஐம்பது தடவை செய்து பார்த்தார்கள். அந்த முதல் ஊசிகளில் கொஞ்சம் எடுத்துப் புதுப் பாகில் விதையாகத் தூவியும் பார்த்தார்கள். அவை பேருக்கு அங்கேயே கிடந்தன, ஒரு நூல் வளரவில்லை. தூரத்தில் இருந்த இன்னொரு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் எழுதியபடியே செய்தோம், எங்களுக்குப் பாகுதான் கிடைக்கிறது. அடுத்த கடிதத்தில் வார்த்தை கொஞ்சம் காரமாக இருந்தது. கடைசியில், பத்திரிகையின் சார்பில் ஒரு பரிசோதகர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக முடிவாயிற்று. அவர் பார்வையில் படிகம் வர வேண்டும். வரவில்லையென்றால், நான் கண்டதாகச் சொன்னது சரியில்லை என்று டாக்டரம்மா தன் கையெழுத்தோடு எழுதிக்கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமும் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும்.

டாக்டரம்மா பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்த்தார். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார். "கழுவினதுல தப்பு இருக்க முடியாது. அதுதான் தெளிவா எழுதியிருக்கே," என்றார் தராசிடம். ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு, "இன்னும் சுத்தமா இருந்தா நல்லதோ என்னவோ. பன்னிரண்டு தண்ணி வச்சுப் பார்ப்போம்," என்றார்.

பன்னிரண்டு தண்ணீர். பிறகு பதினைந்து. ஏழுதண்ணியின் விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, வெடித்தன. குடுவைகள் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பளபளத்தன. பாகு அசையவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் தொட்டிக்குப் போனபோது, டாக்டரம்மாவே முழங்கைவரை ஈரத்தோடு நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, விடுங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

"என் கையில ஏதாவது கோளாறா இருக்குமோன்னு பார்க்கிறேன்." கையை நிறுத்தாமலே சொன்னார். "அந்த ஊசியை நீங்களும் பார்த்தீங்க, நானும் பார்த்தேன். அது பொய் சொல்லாது. அதுக்குப் பொய் சொல்லவே தெரியாது. அப்ப பொய் நம்ம பக்கம்தான் எங்கயோ இருக்கு. என்கிட்டதான் இருக்கும். தேடறேன், கிடைக்கல."

அவர் திரும்பிப் படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்தால், மனைவி பின்பக்கம் குந்தி உட்கார்ந்து சாம்பல் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சர்க் சர்க் சத்தம் அவருக்குக் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன்யா, சாம்பல்ல தேய்ச்சது ஒரு குத்தமா? ஊரு உலகமே தேய்க்குது."

"தேய்ச்சது கூட இல்லடி. ஏழுன்னு எழுதிட்டேன். அந்தம்மா அந்த வரியை நம்பி மத்த எல்லாத்தையும் சந்தேகப்படறாங்க. தன்னையே சந்தேகப்படறாங்க."

"சொன்னா வேலை போயிடும்."

"போயிடும்."

"மறுபடி மூட்டை தூக்கலாம்னா முதுகு இருக்கா?"

"இல்ல."

அவள் கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். "சொல்லிடு," என்றாள். "இல்லேன்னா நீ விடிய விடியப் புரண்டு படுத்து என்னையும் தூங்க விடமாட்டே. ஆறு மாசமா அதைத்தான் பண்றே. முதுகுவலின்னுல்ல நினைச்சேன் நான்!"

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மாவும் தராசும் அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஏழுதண்ணி வந்தார். கையில் ஒரு தகர டப்பா. அதில் சாம்பல். வாயைத் திறந்து சொல்வதற்கு முன்பே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னார்: கருகல், காலிப் புட்டி, முதுகு, சாம்பல், மூன்று தண்ணீர், கடைசியாக அந்த வரி.

தராசின் முகம் சிவந்தது. "யோவ், ஆறு மாசம்! ஆறு மாசமா நான் அணு அணுவா நிறுத்துக்கிட்டு இருக்கேன், நீ ஒரு பிடி சாம்பலை..."

"இருங்க," என்றார் டாக்டரம்மா. அவர் தகர டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த அடுப்புச் சாம்பல்?"

"பின்கட்டு அடுப்பும்மா. வேற எது? நாம சாறு எடுத்துட்டுத் தூக்கிப் போடற பட்டையைக் காயவச்சு அதைத்தானே எரிக்கிறோம்."

டாக்டரம்மா டப்பாவுக்குள் விரலை விட்டு, ஒரு துளி சாம்பலை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசிகளைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"உங்க மேல கோபம் இருக்கு," என்றார் மெதுவாக. "அதை அப்புறம் படறேன். இப்ப அன்னைக்குக் கழுவின மாதிரியே எனக்கு ஒரு குடுவை கழுவிக் குடுங்க."

நான்கு குடுவைகள் என்று முடிவு செய்தார்கள். ஒன்று பதினைந்து தண்ணீர். ஒன்று வழக்கமான ஏழு. ஒன்று சாம்பலில் தேய்த்து மூன்று தண்ணீர். கடைசியில் சாம்பலைத் தேய்த்து, அலசாமல் அப்படியே.

சொல்வது சுலபம். ஏழுதண்ணி தொட்டியின் முன் நின்று குடுவையைக் கையில் எடுத்ததும் கை ஒத்துழைக்கவில்லை. ஒன்பது வருஷமாகச் சுத்தமாகக் கழுவியே பழகின கை. டாக்டரம்மா ஒரு பக்கம், நோட்டும் பென்சிலுமாகத் தராசு மறுபக்கம். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றவர் தன்னை அறியாமல் நாலாவதற்குக் குடுவையை நீட்டிவிட்டார்.

"நிறுத்துய்யா!" என்று தராசு கத்தினார். "நாலாயிடுச்சு! மறுபடி!"

"சார், நீங்க பக்கத்துல நின்னா அழுக்கா கழுவ வரமாட்டேங்குது."

"அன்னைக்கு எவ்வளவு சோம்பேறித்தனமா கழுவினீங்களோ அவ்வளவு சோம்பேறித்தனம் போதும்," என்றார் டாக்டரம்மா. "கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அன்றைக்குப்போலவே இடுப்பைக் கோணலாக வைத்துக்கொண்டு நின்றால்தான் கை அப்படி வந்தது. தராசு அந்தக் கோணலையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான்கிலும் பாகு ஊற்றி அலமாரியில் வைத்தார்கள்.

புதன்கிழமை மதியம்வரை ஒன்றும் இல்லை. அலசாத குடுவையில் பாகு கறுத்து, நாற்றமடித்துக் கெட்டுப்போயிருந்தது. மற்ற மூன்றும் தேன்போல அமைதியாக இருந்தன. டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஏழுதண்ணி தரையில்.

"சாம்பல்ல என்னம்மா இருக்கு?"

"காரம் இருக்கு. ஆசிட்டுக்கு நேர் எதிரி. எனக்கு ஒரு யோசனை தோணுது. இருக்கலாம்னுதான் சொல்றேன், தெரியாது. பாகுக்குள்ள இருக்கிற பொருள் ஒண்ணுதான், ஆனா அது ரெண்டு விதமா நிக்குதோ என்னவோ. வலது கையும் இடது கையும் மாதிரி. ரெண்டும் கலந்து நிக்கிறதால வரிசையா அடுக்க முடியல."

ஏழுதண்ணி யோசித்தார். மூட்டைக்கு முன்னால் அவர் செங்கல் சுமந்தவர். "பாதிக் கல் கோணலா வந்தா சுவர் எழும்பாது. அந்த மாதிரியாம்மா?"

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதே மாதிரி. நல்ல கல்லைக் கொண்டுவந்து ஆரம்பிச்சு வச்சாலும் மேல ஏறாது. நாம தூவின விதை அதனாலதான் சும்மா கிடந்துது போல. சாம்பல்ல இருக்கிற துளிக் காரம் என்ன பண்ணுதுன்னா, ஒவ்வொரு கோணக் கல்லையும் எடுத்துத் திருப்பிக் குடுக்குது. திருப்பித் திருப்பிக் குடுத்தா..."

"சுவர் எழும்பும்."

"எழும்பணும்." குடுவைகளைப் பார்த்தார். "பாருங்க, எவ்வளவு சின்ன இடத்துல நடக்குது இது. ஊசி முனையில ஒரு ஊரே நிக்கும். அத்தனை பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் திரும்பி நிக்கணும். மேஸ்திரி கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது. ஆனா எழும்பினா ஒரு கல் பிசகாது. நான் கெட்டிக்காரின்னு கொஞ்ச நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்பல்லாம், பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கக் குடுத்துவச்சிருக்கேன்னுதான் நினைக்கிறேன்."

சாயங்காலம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். குடையை மூலையில் சாய்த்து வைத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னார். சாம்பல் என்ற இடத்தில் அவர் புருவம் மேலே போயிற்று.

"அப்படின்னா கட்டுரையில சுத்தமான குடுவைன்னு எழுதினது?"

"தப்பு. எனக்குத் தெரியாமலே தப்பு."

"சரி. படிகம் எங்கே?"

"இன்னும் இல்ல."

தேநீர் வந்தது. பரிசோதகர் மரியாதையாகக் குடித்தார். பதினொன்று அடித்தது. மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. கையெழுத்துக்காக அவர் கொண்டுவந்த தாள். அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாருக்கும் அது தெரிந்தது. ஏழுதண்ணி வாசல் நிலையில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, எனக்கு உங்க மேல மரியாதை உண்டு," என்று சொல்லிக்கொண்டே பரிசோதகர் எழுந்தார். அலமாரிக்குப் போய், ஒவ்வொரு குடுவையாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பதினைந்து தண்ணீர்: ஒன்றுமில்லை. ஏழு தண்ணீர்: ஒன்றுமில்லை. மூன்றாவதை எடுத்தார். பாகு ஓடுகிறதா என்று பார்க்க லேசாகச் சாய்த்தார். ஒரு தடவை சுழற்றினார்.

"இதுலயும்..." என்றவர் அப்படியே நின்றார்.

அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகைவிடச் சின்னது. இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு ஊசி நீண்டது. அது நீளுவது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒன்று. அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. ஊசியிலிருந்து ஊசி கிளைத்து, விசிறிபோல விரிந்து, மஞ்சளைத் தள்ளிக்கொண்டு வெள்ளை ஏறிவந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார் பரிசோதகர், குழந்தைபோல.

"அசைக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. குரல் மூச்சாகத்தான் வந்தது. "அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க."

தராசு ஒரு கையால் மீசையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி நின்றார். ஏழுதண்ணி எப்போது வாசலிலிருந்து நகர்ந்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. பரிசோதகரின் தோளுக்குப் பக்கத்தில் அவர் தலை இருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் யாரும் சொல்லாமல், யாரும் தூக்காமல், அத்தனை கல்லும் தானாகத் திரும்பித் திரும்பி ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் அவர். சுமப்பவன் இல்லாமல் ஒரு கட்டடம் எழும்புவதை அன்றுதான் பார்த்தார்.

"வெதுவெதுன்னு ஆகுது," என்றார் பரிசோதகர். குடுவையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "சூடு வருதும்மா இதுலேருந்து."

"வரும். ஒண்ணா சேர்ந்தா வரும்."

கால் மணி நேரத்தில் குடுவை முழுக்க வெள்ளை. பரிசோதகர் அதைக் கீழே வைக்க மனசில்லாமல் வைத்தார். பிறகு மேஜைக்குப் போய், அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இருந்தாலும் நீங்க எழுதணும்," என்றார். "முதல் கட்டுரை தப்புன்னு."

"எழுதறேன். சந்தோஷமா எழுதறேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா அதுக்கு முன்னாடி எழுத வேண்டியவர் ஒருத்தர் இருக்கார்."

பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். ஏழுதண்ணி தன் வரியைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் அழுத்தி எழுதினது; அடுத்த பக்கத்திலும் தடம் இறங்கியிருந்தது. பேனாவை வாங்கியதும் அதை அடிக்கப் போனார்.

டாக்டரம்மா கையைப் பிடித்தார். "அடிக்காதீங்க. இந்த நோட்டுல யாரும் எதையும் அடிக்கக் கூடாது. நான் எத்தனை தப்பு எழுதியிருக்கேன் தெரியுமா? எல்லாம் அப்படியேதான் இருக்கு. அதுவும் இருக்கட்டும். கீழ எழுதுங்க."

"அப்ப பொய்யும் நிக்குமாம்மா?"

"நிக்கும். உண்மையும் பக்கத்துலயே நிக்கும்."

அவர் குனிந்தார். முதுகு முனகியது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: *மேலே எழுதியது பொய். சாம்பலில் தேய்த்தேன். மூன்று தண்ணீர். முதுகு வலி.*

தராசு எட்டிப் பார்த்தார். "முதுகு வலியையும் எழுதணுமா?"

"எழுதத்தான் வேணும்," என்றார் டாக்டரம்மா. "அது இல்லாம இது நடந்திருக்காது."

பிறகு அவர் தகர டப்பாவை எடுத்து, மூடி, அதன்மேல் ஒட்ட ஒரு வெள்ளைச் சீட்டை ஏழுதண்ணியிடம் நீட்டினார். என்ன எழுதுவது என்று அவர் கேட்டார்.

"உள்ள என்ன இருக்கோ அதை."

'சாம்பல்' என்று எழுதி ஒட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது. டாக்டரம்மா அதைப் பெரிய புட்டிகளின் வரிசையில், 'விஷம்' என்ற சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? மீதி முப்பத்தொம்பதே முக்கா மூட்டையை எதுக்குத் தூக்கினேன்னு."

"இருக்கும்மா."

"ஒன்பது வருஷமா அதுக்கு என்கிட்ட பதில் இல்லாம இருந்துது," என்றார் டாக்டரம்மா, பட்டைச் சாம்பல் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "இப்ப கிடைச்சிருச்சு."

தொட்டியில் கழுவ வேண்டிய குடுவைகள் குவிந்திருந்தன. ஏழுதண்ணி போய்க் குழாயைத் திறந்தார். முதல் குடுவையை எடுத்தவர், எண்ண வாயைத் திறந்து, நிறுத்தி, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"அம்மா, இதுக்கு எத்தனை தண்ணி?"